சம்பந்திகளின் கடல்

அலுவலகத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் விளையாடும் கடற்போர் விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கிற கம்பெனி அது. எந்த நாட்டுக் கப்பல் என்ன வேகம் போகும், எந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், எந்த இரும்புத் தகடு எத்தனை அடி தாங்கும் என்பதையெல்லாம் எடை போட்டு எண்களாக எழுதி வைப்பது அவள் பொறுப்பு. ஒரு நாடு இன்னொரு நாட்டைவிட ஒரு பிடி கூடிப்போனால் தீர்ந்தது கதை. தோற்கிறவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான். ஜெயிக்கிறவன் நாலு நாள் மீசையை முறுக்கிவிட்டு, பிறகு போரடித்துப் போய் அவனும் கிளம்பிவிடுவான். கடலில் ஆள் இருக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், ஆனால் சமமாக இருக்கிறது என்று எந்தப் பக்கமும் ஒத்துக்கொள்ளாது. திட்டு வாங்குவதற்கென்றே உண்டாக்கின வேலை அது.

அந்த விளையாட்டு நடக்கிற உலகத்தில் யாரும் விமானம் கண்டுபிடிக்கவில்லை. வரலாறு அந்த முனையில் வேறு சந்தில் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் பறவையைத் தவிர ஒன்றும் பறக்காததால், கடலில் மிதக்கும் இரும்புக் கோட்டைகளுக்குத்தான் இன்னும் ராஜமரியாதை. வடக்கே வடகடல் முடியரசு, தெற்கே தீவுக் கூட்டரசு, இரண்டுக்கும் ஜென்மப் பகை. நடுவில் கழிமுகக் குடியரசு என்று ஒரு துக்கடா நாடு. அதனிடம் பேருக்குக்கூட உருப்படியான போர்க்கப்பல் கிடையாது, ஆனால் கப்பல்களுக்குப் போடும் நிலக்கரி முழுக்க அதன் துறைமுகங்களில் குவிந்து கிடந்தது. அதனால் பெரிய நாடுகள் இரண்டும் அதன் பின்னாலேயே சுற்றும்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்கிறீர்களா? வடகடல் முடியரசின் தலைமைத் தளபதி தராசுவின் அப்பா. தீவுக் கூட்டரசின் தலைமைத் தளபதி அவள் மாமனார். இரண்டு பேரையும் அந்தந்த நாட்டில் விளையாடுகிற ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரம் இருக்கிறது, வேறு தகுதி ஒன்றும் தேவைப்படவில்லை.

அப்பா சர்வேயராக இருந்தவர். ஊரிலுள்ள மனை, வயல், வாய்க்கால் எல்லாவற்றிலும் சங்கிலி பிடித்து நடந்தவர், கடலையும் அப்படியே அளந்தார். எதிரிக் கப்பல் எல்லை தாண்டி ஒரு முழம் வந்தாலும் வழக்குக்கு நிற்பார். மாமனார் பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்தவர். அவருக்குக் கப்பல் குறித்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். குண்டு மழை பெய்தாலும் காலைப் போர்க்கப்பல் காலையில்தான் புறப்படும். கழிமுகக் குடியரசை யார் நடத்தினார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். தராசுவின் மாமியார். "இந்த மனுஷன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னா கடலுக்குத்தான் போகணும் போல" என்று சலித்துக்கொண்டு உள்ளே நுழைந்த அம்மாள், கரியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வல்லரசுகளின் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவர்களை இதில் இழுத்துவிட்ட புண்ணியவதி தராசுவேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெருமையாக எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். இப்படி ஆகுமென்று கண்டாளா! சொந்தக்காரர்கள் விளையாடினால் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பது விதி, அதனால் கேப்டனிடம் சொல்லியும் விட்டாள். கேப்டன் என்பது அவள் பிரிவின் தலைவனுக்குப் பட்டப்பெயர். அவளைவிட வயதில் சின்னவன், கப்பலில் கால் வைத்தால் வாந்தி எடுப்பான்.

"அப்பா ஒரு பக்கம், மாமனார் இன்னொரு பக்கமா? இதைவிட நடுநிலை வேற என்ன வேணும்!" என்று சிரித்தான் அவன்.

எடை போடுகிற அந்த நாற்காலி அவளுக்கு இன்னும் சொந்தமாகவில்லை. வருஷக்கணக்காகப் பிழை தேடும் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு, இப்போதுதான் தற்காலிகமாக உட்கார வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் நிரந்தரம் பண்ணுவதாகப் பேச்சு. அவளுக்கு அந்த வேலை மேல் வெறியே இருந்தது. குண்டு விழுந்து தண்ணீர் எழும்புகிற உயரத்தைப் பார்த்தே எந்த எண் தப்பு என்று சொல்லிவிடுவாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் வேறு எதுவும் தனக்குப் பிடிக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த லட்சணத்தில்தான் அப்பா தினமும் காலையில் போன் பண்ணுவார். அம்மா போன பிறகு ஊரின் அந்தக் கோடியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருந்தார். அவள் பஸ்ஸில் ஏறி உட்காரும் நேரத்துக்குச் சரியாக மணி அடிக்கும்.

"ஏம்மா, உன் மாமனார் பீரங்கி எப்படி அவ்வளவு தூரம் சுடுது?"

"எல்லாருக்கும் ஒரே தூரம்தான்ப்பா."

"நான் அளந்து பார்த்துட்டேன்."

"எதை வச்சு அளந்தீங்க?"

"அடிக்கோலை வச்சுத்தான். ஸ்க்ரீன்ல."

"அப்பா, ஸ்க்ரீனைப் பெரிசு பண்ணினா தூரமும் பெரிசாத்தான் தெரியும்."

"ஊரையே அளந்தவனுக்கு நீ அளவு சொல்லித் தர்றியா? இருக்கட்டும்மா. கல்யாணம் ஆயிட்டா பொண்ணுங்க அந்தப் பக்கம்தான் சாயும். உங்கம்மா இருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்பா."

இது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினப்படி பூசை. அம்மாவை இழுத்ததும் அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பக்கத்து சீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சனியன் தொலையட்டும் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டாள்.

"சரிப்பா, சரி. வடகடல் பீரங்கியை ஒரு பிடி கூட்டி விட்டிருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அப்பாவின் குரல் குழைந்துபோய் வந்தது. "எனக்குத் தெரியும்டா கண்ணு. நீ அப்பாவை விட்டுக் கொடுக்க மாட்டே."

அவள் எந்த எண்ணிலும் கை வைக்கவில்லை. வைக்கவும் மாட்டாள். அது வேறு, இது வேறு என்று அவளுக்குள் ஒரு கணக்கு.

ஆனால் அப்பாவுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. முன்பெல்லாம் தயங்கித் தயங்கிச் சுடுகிறவர், இப்போது எதிரி தலை தெரிந்தவுடனே சுட ஆரம்பித்தார். பத்தில் ஒன்று குருட்டாம்போக்கில் போய் மாமனாரின் தலைமைக் கப்பல் புகைபோக்கியிலேயே விழுந்து தொலைத்தது. அன்று சாயங்காலம், முட்டிவலியென்று மாடிப்படி பக்கமே வராத மாமனார், கீழ்வீட்டிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, தராசுவும் புருஷனும் குடியிருக்கும் மேல்மாடிக்கு வந்தார். டிப்போவில் சொந்த மச்சானுக்குக்கூட நல்ல ரூட் ஒதுக்காதவர் என்று பேர் வாங்கினவர். வந்தவர் ஜன்னலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"நான் சலுகை ஒண்ணும் கேட்கலைம்மா. எல்லாம் நியாயமா நடக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான்."

"நியாயமாத்தான் நடக்குது மாமா."

"அப்படியா. சம்பந்தி ரொம்ப தூரத்துல இருந்து சுடுறார். நான் ஒண்ணும் சொல்லலை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கோம், இந்த வீட்டுப் பொண்ணு நீ. உனக்கே தோணினா..."

படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்ற கிழவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கூட்டரசு பீரங்கியை ஒரு பிடி கூட்டி விட்டிருக்கேன் மாமா. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவர் இறங்கிப் போனபோது முட்டிவலியைக் காணோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கடலில் சண்டை நின்றுபோனது! இரண்டு தளபதிகளும் தன் பீரங்கிதான் அதிக தூரம் சுடும் என்ற தைரியத்தில் இருந்தார்களா, அவசரப்பட்டு அடிக்க என்ன இருக்கிறது? இரண்டு பெரும் படைகளும் நேருக்கு நேர் வரும், கொடியை இறக்கி ஏற்றி மரியாதை செய்யும், கம்பீரமாகத் திரும்பிப் போகும். ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட வந்தால் மாமனார் எழுந்து, "இந்த நாற்காலியில உட்காருங்க சம்பந்தி, இங்கதான் காத்து வரும்" என்பார். "அட, நீங்க உட்காருங்க, உங்களுக்கு முட்டி வேற" என்பார் அப்பா. கை கழுவப் போகிற சாக்கில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சமையலறைக்கு வந்து, "பாவம்மா அந்த மனுஷன், ஒண்ணும் தெரியாம உட்கார்ந்திருக்கார்" என்று அவள் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணம் நடந்த நாளிலிருந்து இரண்டு குடும்பமும் இவ்வளவு அன்னியோன்னியமாக இருந்ததே இல்லை.

கம்பெனியிலும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். விளையாடுகிற ஜனங்கள் இதற்குப் 'பெரிய அமைதி' என்று பேரே வைத்துவிட்டார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையில் மலர்ந்திருக்கும் பரஸ்பர நம்பிக்கை பற்றி, படித்தவர் ஒருவர் நீளமாகக் கட்டுரை எழுதினார். "எப்படி இவ்வளவு கச்சிதமா சமப்படுத்தினே?" என்று கேப்டன் கேட்டான். "நான் ஒண்ணுமே பண்ணலை" என்றாள் தராசு. "அடக்கத்தைப் பாரு!" என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

இந்த அமைதி ஒரே ஒரு ஆளுக்குப் பிடிக்கவில்லை. மாமியாருக்கு. "ரெண்டு பேரும் சும்மா ஊர்வலம் போயிட்டிருந்தா என் கரியை யார் வாங்குவா? முட்டிக்கிட்டாத்தானே எரியும்?" என்றார் அவர். உடனே ஓர் அறிவிப்பு விட்டார். இனிமேல் கழிமுகக் குடியரசு ஒரே ஒரு நாட்டோடுதான் கூட்டணி, கரி முழுக்க அந்த நாட்டுக்குத்தான், யார் பலசாலி என்று காட்டுகிறார்களோ அவர்களுக்கே துறைமுகம்.

இங்கே அந்த விளையாட்டின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். அந்த உலகத்தில் ரகசிய ஒப்பந்தம் செல்லாது. கூட்டணி வேண்டுமென்றால், 'சபை' என்று எல்லாரும் படிக்கிற பொதுப் பக்கத்தில் எழுத வேண்டும்: எதற்காகக் கூட்டணி, எங்கள் பலம் என்ன, அந்தப் பலம் எப்படி வந்தது. தெரிந்தே பொய் எழுதினால் தளபதி பதவி போய்விடும். மாமனார் சாப்பாட்டு மேஜையிலேயே பேசி முடிக்கப் பார்த்தார். மாமியார் பிடி கொடுக்கவில்லை, "சாப்பிடுற இடத்துல நாட்டு விவகாரம் எதுக்கு, குழம்பு ஆறுது" என்று சொல்லிவிட்டார்.

மாமனார் யோசித்தார். அவர் ஆயுள் முழுக்க விதிப்படி நடந்த மனிதர். எழுதினால் உண்மையை எழுத வேண்டும், முழுதாக எழுத வேண்டும். டிப்போ சுற்றறிக்கை மாதிரியே எழுதிச் சபையில் போட்டார்.

"பொருள்: கூட்டணி கோருதல். பலம்: எங்கள் பீரங்கிகள் எதிரியின் பீரங்கிகளைவிடக் கூடுதல் தூரம் சுடும். பலம் வந்த விதம்: மேற்படி கம்பெனியில் பணிபுரியும் எங்கள் மருமகள் தனிப்பட்ட முறையில் கூட்டிக் கொடுத்தது. குறிப்பு: இந்த விஷயம் யாருக்கும் தெரியாது."

ஆயிரக்கணக்கான பேர் படிக்கிற பக்கத்தில், யாருக்கும் தெரியாதாம்! அதைப் படித்த அப்பாவுக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த வேகத்தில் அடுத்த நிமிஷமே அவரும் எழுதினார்.

"ஆட்சேபணை. மேற்படியாள் முதலில் கூட்டிக் கொடுத்தது எங்களுக்கு. மருமகள் ஆவதற்கு முன்னாலேயே அவள் மகள் என்பதைச் சபை கவனிக்க வேண்டும்."

மறுநாள் காலையில் தராசு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேப்டன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"உங்கப்பாவும் மாமனாரும் சேர்ந்து உன் கழுத்தை அறுத்துட்டாங்க. படிச்சியா?"

"படிச்சேன். நான் ஒரு எண்ணைக்கூட மாத்தலை."

"அப்புறம் எதுக்கு அப்படி எழுதினாங்க?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். ரெண்டு பேர்கிட்டயும்."

கேப்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ பெரிய அமைதி?"

"அதுவும் அந்தப் பொய்யாலதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். "நான் நம்புறேன். வெளியில இருக்கிறவன் நம்ப மாட்டான். எல்லார் கண்ணு முன்னாலயும் சோதனை வைக்கச் சொல்லி மேலிடத்துல உத்தரவு. நீ அப்படிச் சொன்னதுக்கு முந்தின பழைய கடல் ஒரு ஸ்க்ரீன்ல, இப்போ இருக்கிற கடல் இன்னொண்ணுல. ரெண்டுலயும் சுட்டுப் பார்க்கணும். ரெண்டு தளபதியும் முன் வரிசையில உட்காருவாங்க. குண்டு ஒரே இடத்துல விழுந்தா நாற்காலி உனக்கு நிரந்தரம். ஒரு முழம் தள்ளி விழுந்தாலும் நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

குண்டு ஒரே இடத்தில்தான் விழும், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விழுந்த அந்த நிமிஷத்தில் அவள் சொன்ன பொய் ஊரறிய உடையும். வேலையைக் காப்பாற்றினால் அப்பா முகத்தில் முழிக்க முடியாது, அப்பா முகத்தைக் காப்பாற்றினால் வேலை இல்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் புலம்பினாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஒன்றைப் போட்டால் தெளிவாகத் தெரிகிறதா, மற்றொன்றைப் போட்டால் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டே, சொந்தமாக ஒரு முடிவு சொல்லும் பழக்கம் விட்டுப்போன ஆள். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்றான். தலையணையை எடுத்து வீசினாள்.

சோதனைக்கு முந்தின நாள் அப்பா வீட்டுக்கே போய் உட்கார்ந்தாள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாலிஷ் போட்ட ஷூ கதவோரம் பளபளத்தது.

"நாளைக்கு என் பொண்ணு எனக்குப் பண்ணினதை ஊரே பார்க்கப் போகுது" என்றார்.

"அப்பா, நாளைக்கு ரெண்டு குண்டும் ஒரே இடத்துலதான் விழும். நான் எதையும் மாத்தலை. சும்மா சொன்னேன்."

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணடித்தார். "புரியுது, புரியுது. அப்படித்தான் சொல்லணும். போன்ல யாராவது கேட்டாலும் அப்படியே சொல்லு."

"ஐயோ அப்பா! நிஜமாவே கூட்டியிருந்தா என் வேலை போயிடும், தெரியுமா?"

"போனா போகுது. அப்பா இருக்கேன்ல?" என்று சட்டையைத் திருப்பிப் போட்டார்.

அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

சோதனை கம்பெனியின் பெரிய கூடத்தில் நடந்தது. உள்ளே நூறு பேர், நேரலையில் பார்க்கிறவர்கள் எத்தனை ஆயிரமோ. அப்பாவும் மாமனாரும் நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. மாமியார் வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். புருஷன் கடைசி வரிசையில், கதவுக்கும் சுவருக்கும் சம தூரத்தில் நின்றான். சோதனையை ஓட்டத் தெரிந்தவள் தராசு ஒருத்திதான் என்பதால், குற்றவாளியையே விசைப்பலகை முன்னால் உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டு திரையிலும் ஒரே கடல், ஒரே கப்பல், ஒரே வெயில். அவள் விரலுக்கு நேராக அந்த எண்கள் இருந்தன. ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும். அப்பா எழுந்து நின்று பார்த்தியா என்பார், அவளை இன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கசங்காத சட்டையில், எதிர்பார்ப்போடு முன்னால் சாய்ந்து, அவளைப் பார்த்துச் சிரித்தார். எண்களைத் தொடாமல் சுடும் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் வடகடல் பீரங்கி. இரண்டு திரையிலும் குண்டு ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே வளைவில் போய், ஒரே இடத்தில் விழுந்தது. அப்புறம் கூட்டரசுப் பீரங்கி. அதுவும் அப்படியே. மறுபடி சுடச் சொன்னார்கள், மறுபடியும் அப்படியே. கூடம் முழுக்க எழுந்து கை தட்டியது. கேப்டன் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, தராசு இன்றிலிருந்து நிரந்தரம் என்று கத்தினான். முன் வரிசையில் இரண்டு கிழவர்களும் மட்டும் எழுந்திருக்கவில்லை. அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும்போது எல்லாரும் ஒரே கார். புருஷன் ஓட்டினான், பக்கத்தில் தராசு. பின்னால் மாமியாரை நடுவில் வைத்துச் சம்பந்திகள் இரண்டு பேரும்.

பாதி வழியில் மாமனார்தான் கேட்டார். "சம்பந்தி, உங்ககிட்ட என்ன வார்த்தை சொன்னா?"

"ஒரு பிடி கூட்டி விட்டிருக்கேன்னா."

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு?"

"அதேதான்."

"எனக்கும் அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறலை." மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "டிப்போவுல லீவு கேட்டு வர்றவனை, உனக்கு மட்டும்தான்னு சொல்லி நான் அப்படித்தான் அனுப்புவேன்."

"அதை விடுங்க" என்றார் அப்பா. "தினமும் காலையில போன் பண்ணி, எங்க பீரங்கி நல்லாப் போகுதும்மான்னு நன்றி வேற சொல்லிட்டிருந்தேன்." மாமனார் மாமியாரைத் தாண்டிக் கையை நீட்டி அவர் முழங்காலில் தட்டினார். தராசு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். கியர் மாற்றுகிற சாக்கில் புருஷன் அவள் கையை ஒரு தடவை தொட்டான், அந்த மட்டுக்கும் அவனை மெச்சலாம்.

மறுநாளே சபையில் அறிவிப்பு வந்தது. வடகடல் முடியரசும் தீவுக் கூட்டரசும் நிரந்தரக் கூட்டணி. பலம் வந்த விதம் என்ற இடத்தில், "இருவரும் ஒரே ஆளிடம் ஏமாந்தோம்" என்று எழுதியிருந்தார்கள். கழிமுகக் குடியரசு, வேறு வழியில்லாமல், இரண்டு பேருக்கும் கரி விற்க ஒப்புக்கொண்டது. விமானம் இல்லாத அந்த உலகத்தில் இனி எதிரி என்று ஒருத்தனும் மிச்சமில்லை.

ஒரு வாரத்தில் கேப்டன் தலையைப் பிய்த்துக்கொண்டு வந்தான். "சண்டை இல்லைன்னு கூட்டம் கூட்டமாப் போறாங்க. பெரிய அமைதின்னா பரவாயில்லை, எப்ப வெடிக்கும்னு உட்கார்ந்திருப்பான். இது நிஜ அமைதி, எவன் பார்ப்பான்? நிரந்தரமானதும் உனக்கு முதல் வேலை இதுதான். இந்தக் கூட்டணியை உடைக்கணும்."

மேலிடத்தில் யோசித்து ஒரு வழியும் அனுப்பியிருந்தார்கள். கூட்டரசின் பீரங்கியை நிஜமாகவே ஒரு பிடி கூட்டிவிடுவது. முறையான உத்தரவு, கையெழுத்து எல்லாம் போட்டு, அறிவிப்பும் கொடுத்து, வெளிப்படையாக. ஒருத்தனிடம் பலம் கூடினால் இன்னொருத்தனுக்குப் பயம் வரும், பயம் வந்தால் கூட்டணி உடையும் என்று கணக்கு. தராசு தன் கையாலேயே அந்த எண்ணை மாற்றினாள். சோதனைத் திரையில், முதல் தடவையாக மாமனாரின் குண்டு அப்பாவின் குண்டைவிட ஒரு பிடி தள்ளி விழுந்தது.

அப்பா அவளுக்குப் போன் பண்ணுவதை நிறுத்தியிருந்தார். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே வருவாள், அடிக்காது. கீழ்வீட்டில் மாமனார் போன் அதே நேரத்துக்கு அடிக்கிறது என்று மாமியார்தான் சொன்னார். அப்பா இப்போதெல்லாம் அடிக்கடி வந்தார், கீழ்வீட்டிலேயே இருந்துவிட்டுப் போனார், மாடிக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே கீழே இறங்கினாள். சம்பந்திகள் இரண்டு பேரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து ஒரே கம்ப்யூட்டரில் கப்பல்களைக் கடலில் உலாவ விட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் அதே சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து கரிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அறிவிப்பு பார்த்தீங்களா? மாமாவோட பீரங்கி இப்போ நிஜமாவே அதிக தூரம் சுடும்."

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதாம்மா?"

"விளையாட்டில்லை மாமா. கம்பெனியில உத்தரவு போட்டு நானே மாத்தினேன். வேணும்னா சுட்டுப் பாருங்க."

"சம்பந்தியைப் பார்த்தா சுடுறது? காதுல பூ சுத்தாதே, போம்மா."

அப்பா சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கப்பலைத் திருப்பினார்.

"அப்பா, நிஜமாத்தான் சொல்றேன். இந்தத் தடவை பொய் இல்லை. நான் உங்க பொண்ணுப்பா."

"தெரியும்மா" என்றார் அப்பா. "அதனாலதான் அன்னிக்கு நம்பினேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள், இரண்டு பேருமாக ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பார்கள். அவர் பாட்டுக்கு மாமனாரிடம், "இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்குங்க சம்பந்தி, நம்ம ரெண்டும் மோதிக்கப் போகுது" என்றார். மாமனார் தன் கப்பலை ஒதுக்கினார். தராசு நின்ற இடத்திலேயே நின்றாள். மேலே போகவும் மனசு வரவில்லை, உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. மாமியார்தான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து சோபாவின் ஓரத்தில் இடம் விட்டார்.